கப்பல் கரையேறிய நாள்

என் கடை வாசலை மறித்து யார் வண்டி நிறுத்தினாலும் அந்த அக்கா கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். தலையிலிருக்கிற கருவாட்டுக் கூடையை ஓரமாக இறக்குவார். வண்டியின் பின்கம்பியைப் பிடித்து அரைவட்டம் இழுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வார். வண்டிக்காரர் ஓடி வந்து, "யம்மா, அது என் வண்டிம்மா" என்பார்.

"உன் வண்டிதான், யாரு இல்லன்னது? வழி உன்து இல்ல."

அவ்வளவுதான். குரலில் கோபம் இருக்காது. மழை வரப்போகிறது, துணியை எடு என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுபோல் இருக்கும்.

கடலூர் முதுநகரில் ரயிலடிக்குப் போகிற சாலையில் என் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், செல்போன் கவர், ஆதார் அட்டைக்கு லேமினேஷன். எட்டுக்குப் பத்தடி, ஒரே வாசல். கடை திறந்த அன்று பூஜைக் கற்பூரம்கூட அணையவில்லை, இவர் எட்டிப் பார்த்தார். உள்ளே இடம் போதாமல் ஜெராக்ஸ் மெஷினை வாசற்படிவரை நீட்டி வைத்திருந்தேன்.

"தம்பி, கடைய தொறந்திருக்கியா, மூடியிருக்கியா?"

"தொறந்திருக்கேன்க்கா."

"அப்ப அத உள்ள தள்ளு."

தள்ளினேன். அன்றைக்குப் பிடித்த பழக்கம். காலையில் பாசஞ்சர் ரயிலுக்குப் போகும்போது ஒரு தடவை, சிதம்பரத்தில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை, கடைக்குள் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். குடிப்பதுகூட ஒதுங்கி, சுவரோடு சுவராக நின்று. அவர் வாசலில் நின்று நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு நாள் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். படித்துக் கற்றதைவிட, கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டதுதான் ஜாஸ்தி. யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பேன். அந்த டைரியில் பாதி இந்த அக்காதான். கவுண்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிற ஆள் ஒருவர் உண்டு, பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். அவர் போனதும் அக்கா சொன்னது: "அவரு போயிட்டாரு, அவரு பேச்சு இன்னும் வாசல்ல நிக்குது பாரு." மெஷினில் பேப்பர் சிக்கி நான் தட்டிக்கொண்டிருந்தால், "அடிக்காத தம்பி, தொண்டையில மாட்டிகிச்சி அதுக்கு" என்பார்.

ஒரு தடவை என் மாமியாரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நாலு நாள் அக்காவுடன் ஒரே ரயிலில் போய்வந்தேன். கதவோரம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகளை முதலில் எழுப்பினார்.

"ஆயா, காத்து வாங்குறோம்."

"உள்ள உக்காந்து வாங்கு. காத்து எல்லாருக்கும் வரும். எறங்குறவங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

பையன்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார். பரங்கிப்பேட்டை வந்ததும் பேச்சு நின்றது. அதைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியது. கிழக்கே ஆறு அகன்று கடலைப் பார்த்துப் போகிற அழகை ஜன்னலோரத்து ஆட்களெல்லாம் பார்த்தார்கள். இவர் கூடைப்பக்கம் திரும்பி, நன்றாக அடுக்கியிருந்த கருவாட்டை எடுத்து மறுபடி அடுக்கினார். நாலு நாளும் அதே இடத்தில் அதே வேலை. ரயிலில் ஒருவர், "என்னாம்மா, எண்ணி வெக்கிறியா?" என்று கேட்டதற்கும் நிமிராமல் அடுக்கிக்கொண்டிருந்தார். பாலம் முடிந்து கிள்ளை வந்தபிறகுதான் வாய் திறந்தார்.

அந்த நாலு நாளில் இன்னொன்றும் பார்த்தேன். சிதம்பரம் கீழவீதியில் ஏதோ ஊர்வலத்துக்காகச் சாலையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர். ஊர்வலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அக்கா கூடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கயிற்றை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். ஜனம் குனிந்து குனிந்து போனது. ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"யாரும்மா நீ? அந்தாண்ட போ."

"நான் போவல சார். அவுங்கதான் போறாங்க."

"கயித்த வுடும்மா."

"வுட்டுடுறேன் சார். இன்னும் அஞ்சாறு பேருதான்."

போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றதால் அவர் கைகள் தெரிந்தன. கடைசி ஆள் போன பிறகும் கயிற்றை விடாமல் பிடித்திருந்தன. கூடையைத் திரும்ப வாங்கும்போது, "கயிறு கட்டி அடைச்சா எனக்கு ஆவாது தம்பி" என்றார்.

புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை, பிரபு. படகில் அவனை ஏற்றவே இல்லை. ஐ.டி.ஐ. படிக்க வைத்து, கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேர்த்து, சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார். "கடல்ல போனாலும் கப்பல்ல போவட்டும். கப்பலுக்கு எல்லா ஊர்லயும் வழி வுடுவாங்க" என்பார். நான்தான் அவருக்காக என் போனில் கப்பல் இருக்கிற இடத்தைக் காட்டுகிற ஓர் ஆப்பைப் போட்டுக்கொண்டேன். உலகத்துக் கடலெல்லாம் நீலமாக விரியும். கப்பல் ஒவ்வொன்றும் சின்ன அம்புக்குறி. பெயரைத் தட்டினால் பிரபுவின் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்ப்பார். அம்புக்குறியைக் கப்பல் என்று சொல்ல மாட்டார். "எங்க இருக்கான்?" என்பார். "இலங்கையத் தாண்டிட்டான்க்கா" என்பேன். கண்ணாடியில் விரலை வைத்து, குழந்தை கன்னத்தைத் தொடுவதுபோல் ஒரு தொடு.

பிறகு வளைகுடாவில் சண்டை வந்தது.

கடைச் சுவரில் இருந்த டிவியில் ஹார்முஸ் ஜலசந்தியின் படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு கரை, நடுவில் ஒல்லியாகத் தண்ணீர், உள்ளே ஒரு பெரிய குளம்போல் வளைகுடா. எண்ணெய் விலை, ஏவுகணை, எந்த நாடு எந்த நாட்டுப் பக்கம் என்று கோட் போட்ட நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம்தான் பார்த்தார்.

"இது மொகத்துவாரம் தம்பி."

"கடலுக்குக் கடல் போற வழிக்கா, ஆறு இல்ல."

"எதுவா இருந்தா என்னா. வாய் இதானே? உள்ள இருக்கிறவன் வெளிய வரணும்னா இப்பிடித்தான் வரணும்?"

"ஆமாம்."

"பிரபு உள்ளயா, வெளியயா?"

உள்ளே இருந்தான். சரக்கு இறக்கிவிட்டு வெளியே வரவேண்டிய கப்பல், முன்னால் நிற்கிற கப்பல்களோடு நங்கூரம் போட்டுக் கிடந்தது. "ம்மா, வரிசையில நிக்கிறோம், வேற ஒண்ணும் இல்ல, நீ சாப்புடு" என்று வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கூடையிலிருந்து இரண்டு கருவாட்டை எடுத்து என் கண்ணாடிக் கவுண்ட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் கரைல ஒருத்தன். அந்தக் கரைல ஒருத்தன். அடைச்சிட்டான் அடைச்சிட்டான்னு டிவில திட்டுறாங்களே, ஏன் அடைக்கிறான்னு கேளு. ஆபீஸருகிட்ட போனா இவன் பேச்சு எடுபடாது. வல சின்னது, போட்டு சின்னது, பணம் கெடையாது. அவன்கிட்ட இருக்கிறது வாய் ஒண்ணுதான். அதுல வந்து உக்காந்தான்னா பெரியவனும் நின்னுதான் ஆவணும். அந்த ருசி இருக்கே தம்பி, பசிச்சவனுக்கு அது சோறு மாதிரி."

அந்த நாட்டுக்காரனைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். வலை எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை.

"உனக்கு எப்பிடிக்கா இதெல்லாம் தெரியும்?"

"நான் உக்காந்திருக்கேன்."

அன்றைக்குத்தான் சொன்னார். அவர் வாழ்க்கைப்பட்ட குப்பம் முகத்துவாரத்துக்குத் தெற்குக் கரை. வடக்குக் கரையில் இன்னொரு குப்பம். அந்தக் கரையில் பெரிய போட், சுருக்குமடி வலை. இந்தக் கரையில் ஃபைபர் படகு. மீன் கூட்டமெல்லாம் பெரிய வலைக்கே போனது. மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முகத்துவாரத்தில் வடக்குப் பக்கம் மணல் தட்டிப்போயிருந்தது. ஆழம் தெற்குப் பக்கம்தான். பெரிய போட்டுகள் இவர்கள் கரையை உரசிக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும். ஒருநாள் தெற்குக் கரைக்காரர்கள் தங்கள் படகுகளை வரிசையாக நிறுத்தி, நைலான் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி, முகத்துவாரத்தை அடைத்துவிட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்தால் போலீஸ் தூக்கிவிடும் என்று பெண்களை உட்கார வைத்தார்கள்.

"கைப்புள்ளக்காரிங்கள முன்னால உக்காருங்கன்னாங்க. பிரபுவுக்கு அப்ப ஆறு மாசம். மடில போட்டுகினு உக்காந்தேன். பயம் இல்ல தம்பி. சத்தியமா சொல்றேன், சந்தோஷமா இருந்திச்சி. அவ்ளோ பெரிய போட்டுங்க எங்கள பாத்துகினு உள்ளயே கெடந்திச்சி."

ஆறாவது நாள் வாடைக் காற்று பிடித்துக்கொண்டது. கயிறு கட்டுவதற்கு முன்பே தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போயிருந்த வடக்குக் கரைப் போட் ஒன்று திரும்பி வந்தது. இன்ஜின் இருமிக்கொண்டிருந்ததாம். போட்டின் முன்முனையில், அணியத்தில் நின்ற ஆள், ஒரே ஒரு படகை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார்.

"அத்தினி பொம்பளைங்க இருந்தோம். அந்த ஆளு என்ன பாத்துதான் கேட்டான். கொழந்த வெச்சிருக்கா, எரங்குவான்னு நெனச்சிருப்பான். நான் எரங்கினா ஊரு என்னா பேசும்? 'சுத்திப் போ'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எல்லாரும் சேந்து சொன்னாங்க. சுத்திப் போ, சுத்திப் போன்னு."

போட் தெற்கே திரும்பிப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேர்கிற முகத்துவாரத்துக்குப் போனது. உள்ளே நுழையும்போது மணல் திட்டில் அலை புரட்டிவிட்டது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். கும்பிட்டவர் ஏறவில்லை. அதற்கப்புறம் அதிகாரிகள் வந்தார்கள், இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசியது, கயிறு அவிழ்ந்தது. அக்கா அந்தக் குப்பத்தைவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதுநகருக்கு வந்துவிட்டார். அந்த ஆளின் மனைவி இன்னும் அக்கரையில்தான் இருக்கிறார். படகில் ஏறினால் கால் மணி நேரம். இருபது வருஷத்துக்கு மேலாக இவர் அந்தப் படகில் ஏறியதில்லை.

கருவாடு இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு அக்கா சொன்னார்: "மடில அவன வெச்சிகினுதான தம்பி அடைச்சேன். இப்ப அவன் உள்ள கெடக்குறான். யார கேக்கச் சொல்ற?"

பேச்சைப் பொறுக்கி வைக்கிற எனக்கு, கொடுக்கவேண்டிய நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் ஏதோ ஒரு கப்பலில் குண்டு விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. அன்று மாலை பிரபுவின் அம்புக்குறி படத்தில் இல்லை. போன் அடித்தால் போகவில்லை. அக்கா சிதம்பரம் போவதை நிறுத்தினார். காலையில் கடை திறக்கும்போது சுவரோரம் நின்றிருப்பார், மூடும்போதும் அங்கேயே நிற்பார். ஸ்டூலைப் போட்டால், "உக்காந்தா கால மடக்க எடம் வேணும், வர்றவங்களுக்கு எடைஞ்சல்" என்பார். நான் வாங்கி வைத்த இட்லி பொட்டலத்தோடு காய்ந்தது. வாசலை மறித்து வண்டிகள் நின்றன. அவர் பார்க்கவில்லை. நானே போய்த் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஆப்பைத் திறந்தேன். அம்புக்குறி வந்துவிட்டிருந்தது.

"யக்கா, இருக்கான்."

"எங்க?"

விரலால் பெரிதாக்கினேன். நீலத்தில் இல்லை. மஞ்சள் நிலத்தில் இருந்தது. கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அவன் கப்பல் மட்டுமில்லை, சுற்றி இருபது முப்பது கப்பல் கும்பலாக நின்றன.

"தண்ணி எங்க தம்பி?"

"தண்ணி இல்லக்கா. தர."

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கரையேத்திட்டாங்க" என்றார். "எல்லாரையும் கரையேத்திட்டாங்க தம்பி. பக்கத்துலயே ஏரோப்ளேன் வேற நிக்குது. ஏத்தி அனுப்பத்தான் அங்க கொண்டாந்து வெச்சிருக்காங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பட்டது என்ன, படவேண்டும் என்று ஆசை. "ஆமாங்க்கா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். இந்த வாக்கியத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பேக்கரிக்குப் போய் ஒரு டப்பா லட்டு வாங்கி வந்தார். எனக்கு ஒன்று, ஜெராக்ஸுக்கு நின்றவருக்கு ஒன்று. மீதியை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அடைச்சவளுக்கே வழி வுட்டுட்டாங்க. இனிமே நான் போயி அந்தம்மா மூஞ்சியப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போனார். மூன்று நாள் சாப்பிடாத ஆள் மாதிரி நடக்கவில்லை.

மாலை நாலரை இருக்கும். அக்கா திரும்பி வந்தார். லட்டு டப்பா அப்படியே கையில் இருந்தது. கூடவே அவரைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மா, வெள்ளை ரவிக்கை, கழுத்தில் ஒன்றும் இல்லை. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்தான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டி வந்தார்.

"நீதான் போன்ல காட்டினியா?"

"ஆமாம்மா."

"படிச்சவந்தான நீ?"

"எட்டாவதும்மா."

"எனக்கு அதுவும் இல்ல. ஆளு கரையேறுவான்ப்பா, சரி. கப்பல் எப்பிடிக் கரையேறும்?"

அந்த அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். "கடக்கரைலயே பொறந்து வளந்தவ நீ. உனக்குமாடி தோணல?"

"தோணிச்சி" என்றார் அக்கா.

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

நான் போனில் தேடினேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் புரிந்தது. சண்டை நடக்கிற கடலில் பொய்யான சிக்னலைப் பரப்பிவிடுகிறார்களாம். கப்பல்களின் கருவி குழம்பி, இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுமாம். விமான நிலையத்தில் காட்டுவது வழக்கமாம். கப்பல் எங்கே இருக்கிறது, தண்ணீருக்கு மேலே இருக்கிறதா என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாதாம். மெதுவாகச் சொன்னேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டார்.

பிரபுவை வேலைக்கு எடுத்த ஏஜென்ட் ஆபீஸின் நம்பருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண், தமிழ் தெரிந்த பெண்தான், கப்பல் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார், வந்தார்.

"மூணு நாளா கான்டாக்ட் இல்ல சார். வந்தா நாங்களே கூப்பிடுவோம்."

அன்றைக்கு அவர்கள் சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகும் நான் எத்தனையோ தடவை அடித்துவிட்டேன். இதை எழுதுகிற இன்றைக்கும் நாள் கணக்கைத் தவிர அந்தப் பதிலில் எதுவும் மாறவில்லை.

அக்கா டப்பாவைக் கவுண்ட்டரில் வைத்தார். வீட்டுக்குப் போவதற்குத்தான் திரும்பினார். வாசல்வரை போனார். படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். வலது கை வாசல் நிலையின் ஒரு பக்கம், இடது கை மறுபக்கம். அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே போவதாகவும் இல்லை, உள்ளே வருவதாகவும் இல்லை. எதிரே சாலையில் பஸ் போனது, ஆட்டோ போனது. ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஜெராக்ஸுக்கு வந்தார். அக்காவைப் பார்த்தார், இடது பக்கம் நகர்ந்து பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"யம்மா, கொஞ்சம் வழி வுடுங்க."

அக்காவுக்குக் காதில் விழவில்லை. நான் எழுந்தேன். பின்னால் நின்ற அந்த அம்மா என் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தார்.

"நிக்கட்டும் வுடுப்பா" என்று வெளியே நின்றவரிடம் சொன்னார். "நாங்க சுத்திப் போயிக்கிறோம்."

என் கடைக்குச் சுற்றிப் போக வழி கிடையாது. ஒரே வாசல். அது அந்த அம்மாவுக்கும் தெரியும், மூன்று பக்கமும் சுவர்தானே தெரிகிறது. அக்காவின் முதுகு மட்டும் ஒரு தடவை குலுங்கியது. கை இரண்டும் நிலையைவிட்டு வரவில்லை.

ரேஷன் கார்டுக்காரர் ஓரடி பின்னால் போய், சாலையோரம் நின்று, பொழுது சாய்கிறவரை காத்திருந்தார்.